தில்ஷாத் கண்ணடித்த வகுப்பு

1. முதல் நாள்

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தேன். முதல் நாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது, முன் பெஞ்சில் இருந்த தில்ஷாத் என்கிற ஒன்பது வயதுப் பெண் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். முறைத்தேன். மறுபடியும் அடித்தாள். தோளைக் குலுக்கி, தொண்டையிலிருந்து ‘ம்க்கும்’ என்று ஒரு சத்தம் வேறு. டிரெயினிங்கில் படித்த குழந்தை மனவியல் முழுவதையும் பயன்படுத்தி, அவளை பெஞ்ச் மேல் ஏற்றினேன். ஏறியதும் எல்லாம் இரண்டு மடங்கானது.

மறுநாள் அவளுடைய அப்பா காதர் பாய் வந்தார். கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்தவர்.

“வேணும்னு பண்ணலைங்க டீச்சரம்மா. ஒரு வருஷமா இப்பிடித்தான். கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டோம். பள்ளிவாசல்ல ஓதி ஊதினோம். பக்கத்து வூட்டம்மா விபூதிகூட பூசிட்டாங்க. அதட்டினா இன்னும் ஜாஸ்தியாவுது.”

2. ஆஸ்பத்திரி

குற்ற உணர்ச்சியில் நானும் அவர்களோடு ஒரு குழந்தை டாக்டரிடம் போனேன். அவர் தில்ஷாத்தோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“இதுக்கு டிக்ஸ்னு பேரு. கண்ணுல கோளாறு இல்ல, பேயும் இல்ல, திமிரும் இல்ல. தும்மல எவ்ளோ நேரம் அடக்குவீங்க? கொஞ்ச நேரம் அடக்கலாம், அப்புறம் சேத்து வரும். இதுவும் அப்பிடித்தான். சில மாசம் ஏறும், சில மாசம் எறங்கும். நெறைய பேருக்கு வளர வளர கொறஞ்சிடும்.”

“மருந்து?” என்றார் காதர் பாய்.

“இவளுக்கு இப்ப வேணாம். சுத்தி இருக்கறவங்களுக்குத்தான் பத்தியம். ‘நிறுத்து’ன்னு சொல்லாதீங்க, அதையே பாத்துட்டு இருக்காதீங்க. நல்லா தூங்கட்டும். வகுப்புல முடியலன்னா எழுந்து வெளிய போயிட்டு வரட்டும். ஆமா, பெஞ்ச் மேல ஏத்தினது யாரு?”

நான் சுவரிலிருந்த காலண்டரை உன்னிப்பாகப் பார்த்தேன்.

தில்ஷாத்திடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆனது. “பரவால்ல டீச்சர், மேல நின்னா மலை நல்லா தெரிஞ்சிது” என்றாள். அவள் சம்மதத்தோடு வகுப்பிடமும் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைகள் இரண்டே நாளில் சலித்துப்போய் அவளைக் கவனிப்பதை விட்டுவிட்டார்கள்.

3. இன்ஸ்பெக்ஷன்

“நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு லீவு குடுத்துடுங்க டீச்சர்” என்றார் ஹெச்.எம். “இன்ஸ்பெக்டரப் பாத்துக் கண்ணடிச்சா யார் பதில் சொல்றது?”

“அவ வரட்டும் சார்.”

“உங்களுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. ஞாபகம் இருக்கா?”

இருந்தது. இருந்தும் அவளுக்கு லீவு கொடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். தில்ஷாத் பல்லைக் கடித்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. கண், தோள், ‘ம்க்கும்’ மூன்றும் சேர்ந்தே வந்தன.

“என்னம்மா, கிண்டலா?”

நான் வாய் திறப்பதற்குள் கடைசி பெஞ்ச் சரளா எழுந்தாள். “அது அவளுக்குத் தும்மல் மாதிரி சார். நீங்க பாக்காம இருந்தா கம்மியாவும் சார்.”

ஹெச்.எம். முகத்தில், மேலிடத்துக்கு எழுதவேண்டிய விளக்கக் கடிதத்தின் முதல் வரி ஓடியது. இன்ஸ்பெக்டர் சரளாவைப் பார்த்தார். தில்ஷாத்தைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, சுவரிலிருந்த மேப்பைப் பார்த்தபடி கேட்டார்: “காவிரி எங்கம்மா உற்பத்தியாவுது?”

“குடகு மலைல... ம்க்கும்... சார்.”

“கரெக்ட்” என்று மேப்பிடம் சொன்னார். மீதிக் கேள்விகளையும் அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்டார். ரிமார்க் நல்லதாகவே எழுதினார். “நான்தான் அந்தப் பொண்ண வரச் சொன்னேன்” என்று ஹெச்.எம். ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தில்ஷாத்துக்கு அது ஒரேயடியாக நின்றுவிடவில்லை. பரீட்சை சமயத்தில் ஏறும், லீவில் இறங்கும். எட்டாம் வகுப்பில் தொண்டைச் சத்தம் போய்விட்டது. எப்போதாவது வரும் சிமிட்டலை அவளே பொருட்படுத்துவதில்லை.

பிற்பாடு என் சர்வீஸில் அப்படி இன்னும் சில பிள்ளைகள் வந்தார்கள். பெற்றோரை டாக்டரிடம் அனுப்பினேன். பிள்ளையைக் கேட்டுக்கொண்டு வகுப்பிடம் சொன்னேன். அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்காமல் பாடம் நடத்தினேன். டீச்சர்களுக்கு இந்தக் கடைசி வேலைதான் ரொம்பக் கஷ்டம்.