செபமாலையின் மற்றப் பாதி

எங்கள் மறைமாவட்ட ஆயர் ஓய்வுபெற்றபோது ஒரு கிழமை முழுக்கப் பிரியாவிடைகள். அவருடைய காரோட்டியான எனக்கே காது புளித்துவிட்டது. எத்தனை கோயில் கட்டினார், போர்க்காலத்தில் எத்தனை இராணுவ முகாம் வாசலில் சனத்துக்காக நின்றார் என்று எல்லா மேடையிலும் அதே பேச்சு. கடைசிக் கூட்டம் முடிந்ததும் மாலைகளைக் கழற்றிப் பின்சீற்றில் போட்டார்.

“தம்பி, பண்டத்தரிப்புக்கு ஒருக்கா விடும்.”

வீட்டுக்குப் போய்ப் படுக்கத்தான் எனக்கு ஆசை. காரைத் திருப்பினேன்.

அங்கே ஒரு தாய். போரின் முடிவில் காணாமல்போன மகனைப் பற்றி, ஆயரைக் காணும்போதெல்லாம் கேட்பவர். “விசாரிச்சுச் சொல்லுறன்” என்றே ஆயரும் சொல்லிவந்தார். அன்று அந்தத் தாய் ஆயரின் மோதிரத்தை முத்தமிடக் குனிந்தபோது அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“அம்மா, நான் விலகீட்டன். இனி நான் கேட்டா ஒருத்தரும் பதில் சொல்லமாட்டினம். உங்கடை பிள்ளையைப் பற்றி ஒண்டும் அறிய முடியேல்லை.”

அந்தத் தாய் அவர் இருக்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

“அப்ப, இனி உங்களாலையும் என்னைப்போலை செபிக்க மட்டும்தான் ஏலும், என்ன ஆண்டகை?”

“ஓம், அம்மா.”

செபமாலை சொல்லும்போது ஆயர் இருந்தால் ஒவ்வொரு செபத்திலும் முதற்பாதியை அவர்தான் சொல்வார். மற்றப் பாதியை நாங்கள் சொல்வோம். அன்று அந்தத் தாய் தொடங்க, ஆயர் மற்றப் பாதியைச் சொன்னார். நடுவில் குரல் உடைந்து நின்றது. விட்ட இடத்திலிருந்து நான் சொன்னேன்.

இத்தனை வருடமும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கார் ஓட்டியவன் நான். அவர் எவ்வளவு களைத்திருந்தார் என்பதை அந்த வீட்டில்தான் கண்டேன்.