சைவ வீட்டில் ஒரு சுறாப்பல்

கல்கத்தாவில் காலையில் பார்த்ததும் யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "இன்றைக்கு என்ன மீன்?" என்றுதான் கேட்கிறார்கள். என் கணவருக்கு மத்திய அரசு வேலை. தொண்ணூறுகளில் மாற்றலாகி ஜாதவ்பூரில் குடியேறிய புதிதில், எதிர்வீட்டு ஷிகா பௌதி பால்கனியிலிருந்து தினமும் இதைத்தான் கேட்பார். பௌதி என்றால் அண்ணி. தெருவுக்கே அவர் அண்ணி. நானும் சளைக்காமல் "கத்திரிக்காய்", "பூசணிக்காய்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கவலையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார். நோயாளி இருந்தால்தான் ஒரு வீட்டில் இத்தனை நாள் மீன் வாங்காமல் இருப்பார்கள் என்று அவருக்கு நினைப்பு. நாங்கள் சைவம், மீன் தொடுவதில்லை என்று என் அரைகுறை வங்காளத்தில் விளக்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு உச்சுக் கொட்டினார். எனக்கு வந்த எரிச்சலை ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அப்புறம் நல்ல சிநேகம் ஆகிவிட்டது. இரண்டு குடும்பமும் சேர்ந்து திகா கடற்கரைக்குப் போனோம். என் மகள் மலருக்கு அப்போது பத்து வயது. வெளிநாட்டுப் பிள்ளைகள் கடற்கரையில் கல்லாகிப்போன சுறாப்பல் பொறுக்குவதைப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, தானும் ஒன்று எடுத்தே தீருவேன் என்று தம்பி சரவணனையும் இழுத்துக்கொண்டு மணலைச் சல்லடை போட்டாள். கிளிஞ்சல் கிடைத்தது, உடைந்த சீப்பு கிடைத்தது, பல் கிடைக்கவில்லை. பௌதியின் மகன் பாப்பன், "மீனே தின்னாதவளுக்கு மீன் பல் எதுக்கு?" என்று கேலி செய்ய, சுற்றி விளையாடிய பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. திரும்பும் வழியெல்லாம் மலர் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். "நாம ஏம்மா இவங்க மாதிரி இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்குத்தான் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. பெரம்பலூர் பக்கம், காரை என்கிற கிராமத்துக்கு அருகில். மழை பெய்து ஓய்ந்தால் வெளிறிய களிமண் மேட்டில் நானும் என் அண்ணனும் பழுப்பாய் மினுங்கும் கூர்கற்களைப் பொறுக்குவோம். பல்லுக்கல் என்போம். அதெல்லாம் சுறாப்பல், இந்த இடமே ஒரு காலத்தில் கடல் என்று ஏதோ கல்லூரியிலிருந்து வந்தவர்கள் சொன்னபோது, தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கிற எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாராவது ஊரைக் கேட்டால் திருச்சி என்று சொல்லிச் சமாளிக்கிறவள் நான்.

மே மாத விடுமுறையில் ஹவுராவில் ரயில் ஏறினோம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் மண்டையைப் பிளக்கிற வெயிலில் அந்த மேட்டில் தவழ்ந்தன. "கடலைத் தேடி எங்க ஊருக்கு வந்தவ நீ ஒருத்திதான் தாயி" என்று என் அண்ணன் கிண்டல் செய்துகொண்டே குடை பிடித்தார். ஓடை அரித்த பள்ளத்தில் மலர் கையை வைத்தாள். விரல் நகம் அளவுக்கு ஒரு பல். பளபளப்புக் கொஞ்சமும் குறையவில்லை. அவள் கத்தவில்லை. கையை மூடிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

கல்கத்தா வந்ததும் ஆரம்பித்தது வம்பு. "சுறாப்பல்லா? மீன் படாத வீடுடீ இது" என்றார் அவர். பல் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கி, பால்கனிச் சுவரில் குடியிருந்தது. நவராத்திரி வந்தது. ஊரெங்கும் துர்கா பூஜைப் பந்தல், எங்கள் வீட்டில் கொலு. தெருமுனையில் வீடு கட்டக் கொட்டிய மணலை அள்ளிவந்து, கீழ்ப்படிக்கு முன்னால் மலர் ஒரு கடற்கரை அமைத்தாள். அதில் பல்லை வைக்க வேண்டுமாம்.

"சாமி இருக்கிற இடத்துல மீன் பல்லா? கூடவே கூடாது" என்றார் அவர்.

"பூஜையில சங்கு இருக்கேப்பா. அதுவும் கடல்ல உசிரோட இருந்ததுதானே? இது கல்லாவே ஆயிடுச்சு."

அவர் சங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து போய்த் தீப்பெட்டியை எடுத்து, பல்லைக் குழாயில் கழுவி, தன் கையாலேயே மணலில் வைத்தார். அதற்கு விபூதி பூசாமல் விட்டாரே, அதுவே பெரிது.

அஷ்டமி மாலை புதுத்துணியோடு பௌதியும் பாப்பனும் சுண்டலுக்கு வந்தார்கள். பாப்பன் மணலருகே குந்திவிட்டான். "நியூ மார்க்கெட்டில் வாங்கினதா?" என்றான். மலர் பல்லை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். விளிம்பைத் தடவிப் பார்த்தவன் அப்புறம் கேலி பேசவில்லை.

"உங்கள் ஊரில் கடல் இருக்கிறதா என்ன?" என்று பௌதி என்னைக் கேட்டார். இல்லை, அது காய்ந்த ஊர் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் மலர் முந்திக்கொண்டாள்.

"ஆமாதேர் ஸமுத்ரே ஜோல் நேய்" என்றாள். எங்கள் கடலில் தண்ணீர் கிடையாது. வங்காளப் பிள்ளைகள் பேசுகிற அதே ராகம். சொல்லிவிட்டு, எல்லார் வீட்டுக் கடலும் அப்படித்தான் என்பதுபோலப் பாப்பனிடமிருந்து பல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.