குலுங்காத வண்டி

"அப்டியே இரு, அசையாத" என்று சொல்லிவிட்டுக் குணசேகர் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். தன் முழு எடையையும் ஹேண்டில்பாரின் மேல் போட்டு அழுத்தினார். மோட்டார் சைக்கிளின் மூக்கு நாலு விரற்கடை தாழ்ந்து, 'உஸ்' என்று மூச்சுவிட்டபடி எழுந்தது. பின் சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அவர் மனைவி காந்தாவின் மடியில் விளிம்புவரை நிரப்பிய ஒரு சொம்புத் தண்ணீர். கொஞ்சம் தளும்பிப் புடவையில் கொட்டியது. ஆயில் இன்னும் சொல்ப கெட்டியா இருக்கணும் என்றார் குணசேகர். எனக்கு அடுப்புல வேலை இருக்குது என்றார் காந்தா. பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் சந்துக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் விடிந்தன.

குணசேகர் எம்.ஜி. ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தில் லிப்ட் ஆபரேட்டர். கைப்பிடியைத் திருப்பி ஓட்டுகிற அந்தக் காலத்து லிப்ட். மாடித் தரையும் லிப்டின் தரையும் சமமாக நிற்பது அவர் மணிக்கட்டில் இருக்கிறது. மேனேஜர்கள் தடுக்கி விழாமல் உத்தியோகம் பார்ப்பது தன் தயவால்தான் என்று அவர் நம்புகிறார். அதில் பொய்யும் இல்லை. ஆறு நாள் குலுங்காமல் ஏறி இறங்கச் சம்பளம் வாங்குகிற மனிதர், ஏழாவது நாளையும் குலுக்கலுக்கே எழுதிக்கொடுத்திருந்தார்.

சடங்கு மாறாது. எஞ்சினுக்கு அடியில் செங்கல்லும் பலகையும் கொடுத்து முன் சக்கரத்தை அந்தரத்தில் தூக்குவார். சக்கரத்தின் இருபுறமும் குலுக்கலைத் தாங்குகிற ஷாக்அப்சர்களை அவர் 'கால்' என்றுதான் சொல்லுவார். கால்களின் உச்சியில் உள்ள மூடியைத் திருகி, சுருள் கம்பியை உருவி, பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவார். கம்பி தொய்ந்தால் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு அறுத்து அதன் தலையில் வைத்து மூடுவார். முதல்முதலாக அந்த மூடியைத் திறந்த அன்று அது துப்பாக்கிக் குண்டாகக் கிளம்பி ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. அவர் மூக்குக்கும் அதற்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. துளை இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் கீழே பக்கெட் வைக்கிறார்கள். வண்டியின் காலில் ஒரு சொட்டுக் கசிந்தால் தூக்கம் வராதவருக்கு, வீடு ஒழுகுவது ஒரு பொருட்டில்லை.

ஆயிலை எதில் அளக்கிறார் என்று பார்த்த அன்றுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழந்தைக்குப் பால் கொடுக்கிற புட்டி. அந்த வீட்டில் இருப்பவர்கள் குணசேகர், காந்தா, குணசேகரின் அம்மா தாயம்மா. குழந்தை கிடையாது.

"எம்.எல். கோடு போட்டிருக்குது பாருங்க சார். ரெண்டு காலுக்கும் ஒரே அளவு. ஒரு சொட்டு ஏறினாலும் வண்டி ஒருபக்கமா இழுக்கும்" என்றார். நான் சிரித்தேன். குழாயடியில் இருந்த காந்தா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் தண்ணீர் பிடிக்க வந்தபோது காந்தாவே சொன்னார். ரேஷன் கடையில் சர்க்கரை வந்ததைச் சொல்லுகிற குரலில் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன், அவர் ஆறு மாதக் கர்ப்பிணி. அடுகோடியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விட்டு இருவரும் வண்டியில் திரும்பியிருக்கிறார்கள். டெலிபோன்காரர்கள் ரோட்டைக் குறுக்கே வெட்டி மூடாமல் விட்டிருந்த பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி, ஷாக்அப்சர் அடிவரை போய் 'டங்'கென்று இடித்தது. மறுநாள் எல்லாம் முடிந்துவிட்டது.

பள்ளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குழந்தை ஒரு வாரம் முன்பே வளருவதை நிறுத்திவிட்டது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அவங்க கார்ல வர்றவங்க, அவங்களுக்குக் குழியைப் பத்தி என்னா தெரியும் என்று குணசேகர் கேட்டாராம். தாயம்மாவுக்கு வேறு கணக்கு: பிள்ளை பிறக்கும் முன்னே எவனாவது பால்புட்டி வாங்குவானா? ஆசைப்பட்டு வாங்கிவந்தவர் குணசேகர். ஆக, ஒரு சாவுக்கு அந்த வீட்டில் மூன்று காரணங்கள். படித்த காரணத்தை மட்டும் யாரும் ஏற்கவில்லை. அன்றிலிருந்து அம்மாவின் குற்றவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு தன் குற்றவாளிக்கு ஆயில் ஊற்றுகிறார் மகன்.

இத்தனை பக்குவம் செய்த வண்டியின் பின் சீட்டில், அந்த இரண்டு வருஷமும் தெருவில் ஒருவரையும் அவர் ஏற்றவில்லை என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. காந்தா உட்கார்ந்ததெல்லாம் நிற்கிற வண்டியில். ஊருக்குள் அவருக்கு பஸ்.

தொண்ணூற்றாறு ஜனவரியில், ஞாயிற்றுக்கிழமைப் பின் சீட்டில் காந்தாவின் இடத்துக்கு ஓர் அரிசி மூட்டை வந்தது. காந்தாவுக்கு மறுபடி நாள் தள்ளியிருப்பதைச் சந்து புரிந்துகொண்டது.

ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுக்க சிவாஜிநகர் போகவேண்டும். தாயம்மா ஆட்டோ கூட்டிவந்தார். குணசேகர் அதன் முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார், ஒரு தடவை அழுத்திப் பார்த்தார், அனுப்பிவிட்டார். "பைக்குக்கு ரெண்டு சக்கரமும் ஒரே கோட்டுல போவும் சார். ஆட்டோவுக்கு மூணு கோடு. ஒரு குழியும் தப்பாது" என்று எனக்கு விளக்கினார். பஸ்ஸையும் அவர் காலையிலேயே தள்ளிவிட்டிருந்தார். கணக்குப்படி அந்தப் பெண் பறந்துதான் போகவேண்டும்.

காந்தா வெளியே வந்தார். செருப்பை மாட்டினார். நேராகப் போய் மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

இறங்கு என்றார் குணசேகர். தாயம்மா வாசற்படியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இதுல ஏறலைன்னா, அன்னிக்கு நீங்கதான் பண்ணீங்கன்னு நானே சொல்ற மாதிரி ஆவும்" என்றார் காந்தா. "நான் அப்டிச் சொல்லமாட்டேன். வண்டியை எடுங்க."

அவர் எடுத்தார். நடக்கிறவன் முந்திவிடலாம், அவ்வளவு வேகம். பின்னால் ஒரு டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. சந்து முனையில் கார்ப்பரேஷன் போட்ட வேகத்தடை, பன்றி முதுகு மாதிரி. அதன் முன்னால் வண்டி நின்றது. காந்தா இறங்கட்டும் என்று அவர் காத்திருப்பது எனக்கு எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. காந்தா இறங்கவில்லை. புருஷனின் முதுகில் இரண்டு விரலால் தட்டினார்.

குணசேகர் இறங்கினார். இடது கையில் கிளட்சைப் பாதி பிடித்து, எஞ்சினை முதல் கியரில் முனகவிட்டு, மனைவியைச் சீட்டில் வைத்தபடியே வண்டியை நடத்திக்கொண்டு மேட்டின்மேல் ஏறினார்.