நண்டுக்கு விழுந்த பிழை

வாராவாரம் தன் வீட்டில் சாப்பிடுகிற ஒருவனுக்கு எதிராக ஒருத்தி எப்படித் தீர்ப்பு எழுதுவாள்? அன்று சான் பேத்ரோ மைதானத்தில் இருந்த எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை.

மிரேயா பகலில் கணக்கு டீச்சர். பேஸ்பால் நடக்கும் மாதங்களில், மாலையானால் மைதானத்தின் மேல்கூண்டில் உட்கார்ந்து ஆட்டக்குறிப்பு எழுதுவாள். மட்டைக்காரன் பந்தை அடித்துத் தப்பிவிட்டால், அது அவன் திறமையா, தடுப்பவன் பிழையா என்று சொல்வது அவள்தான்.

லிசாந்த்ரோ எங்கள் அணியில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று பந்தைத் தடுப்பவன். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே அவன் பக்கவாட்டில் பாய்வதைப் பார்த்து ஊர் வைத்த பெயர் நண்டு. பன்னிரண்டு வருஷம் அமெரிக்காவில் ஆடிப் பேர் வாங்கியவன். ஆனாலும் குளிர்காலத்தில் ஊருக்கு ஆட வந்துவிடுவான். மிரேயாவின் மகள் யுலீசாவுக்கு ஞானத்தகப்பன். ஞாயிறு மதியச் சாப்பாடு அங்கேதான்.

நாற்பத்திரண்டு ஆட்டமாக அவன் ஒரு பிழைகூடச் செய்யவில்லை. அன்றைய ஆட்டத்தையும் அப்படியே தாண்டினால் லீக்கின் பழைய சாதனை உடையும். ஆறாவது சுற்றில் சாதாரணமாக உருண்டு வந்த பந்து அவன் கையுறை விளிம்பில் பட்டு ஓடிவிட்டது. எல்லாத் தலையும் ஸ்கோர் பலகைப் பக்கம் திரும்பியது. மிரேயா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. பிழை விளக்கு எரிந்தது. கூட்டம் கத்தியது.

"கண்ணாடிய மாத்து டீச்சர்!"

"சோறு போட்ட கையாலயே குழி தோண்டிட்டியேம்மா."

கேலி விசில் அவளை வீடு வரைக்கும் துரத்தியது. அவளுக்கு அது உறைக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை ஞானப்பா வருவாராம்மா?" என்று யுலீசா கேட்டபோதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கே வருபவன் ஒன்றாகியும் வரவில்லை. சோறும் மொச்சையும் ஆறிக்கொண்டிருந்தன. அவனுக்குப் பிடித்த அடிச்சட்டிக் காந்தலைச் சுரண்டி அவள் தனியாக எடுத்து வைத்திருந்தாள். ஒன்றரைக்குக் கதவு திறந்தது. வந்தவன் யாரையும் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பந்து எகிறிச்சுக்கா."

"எகிறல."

"தரையில கல்லு கிடந்துச்சு."

"கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. பந்து வர்றதுக்குள்ள நீ ஓடுறவனைப் பாத்தே."

அவன் காந்தலைக் கடித்தான். வெகுநேரம் மென்றான்.

"அவ்ளோ உசரத்துலேருந்து அது தெரியுதா?"

"பதினாறு வருஷமா உன்னைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

"முந்தின நாப்பத்திரண்டு ஆட்டத்துல? எனக்காக எங்கயாவது கண்ணை மூடுனியா?"

"மூடியிருந்தா முந்தாநாளும் மூடியிருப்பேன்ல, மடையா."

லிசாந்த்ரோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ நாப்பத்திரண்டும் என்னோடதுதான்" என்று சொல்லித் தட்டை யுலீசாவிடம் நீட்டினான். "இன்னும் கொஞ்சம் போடு பாப்பா. உங்கம்மா சோத்துலயாவது தாராளமா இருக்கட்டும்."

அதற்குப் பிறகும் ஐந்து குளிர்காலம் ஆடினான். அந்தச் சாதனையை அவன் உடைக்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மட்டும் தவறவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் மிரேயாவை இன்னும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரையாவது பார்த்தால், அந்த மதியம் நடந்ததைத் தயவுசெய்து அவர்களுக்கும் சொல்லுங்கள்.