வெள்ளை நாய் நீலமான கதை

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், பங்குனி மாதம். புதிதாகக் கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் பஞ்சு வாங்க ஊர் ஊராகப் போய்விடுவார். எனக்குத் துணை எங்கள் வெள்ளை நாய்தான். அது வாசலில் படுத்திருந்தால் ஈ, காக்காய் அண்டாது.

அந்த நாய் திடீரென்று சோறு தின்னாமல் சுருண்டுவிட்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. மூத்திரம் காப்பித் தண்ணீர் மாதிரி போனது. கண்ணேறுதான், பிழைக்காது என்று தெருவே சொன்னது. எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். வண்டி பிடித்து, அதை மடியில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் நாயின் காதை மடித்துக் காட்டினார். உள்ளே கொத்துக் கொத்தாய் உண்ணி.

"நாய்னா உண்ணி இருக்கத்தானே செய்யும்?" என்றேன்.

"அது கடிச்சுத்தாம்மா இந்தக் காய்ச்சல். தெனமும் காது, விரலிடுக்கு எல்லாம் பாத்து எடுக்கணும். நகத்தால நசுக்கிராதிய, மண்ணெண்ணெயில போடுங்க" என்றவர், கருநீலமாக ஒரு மருந்தை ஊசியில் ஏற்றிப் போட்டார்.

இரண்டொரு நாளில் நாய் எழுந்து கஞ்சி குடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ரோஜா நிறத்தில் இருந்த மூக்கு, உதடு, வயிறு எல்லாம் நீலம். மருந்தின் வேலை. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏட்டி, வேதக்கார வீட்டுல கண்ணன் பொறந்திருக்கான்."

அவ்வளவுதான், கிறிஸ்தவர்களான எங்கள் வீட்டு நீலக் கண்ணனைப் பார்க்க ஊர் திரண்டுவிட்டது. வத்திராயிருப்பிலிருந்துகூட ஆள் வந்தது. உலை வைக்க விடவில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். வாசலை மறித்துச் சொல்லிவிட்டேன்.

"சும்மா காட்ட மாட்டேன். உங்க வீட்டு நாய்க் காதுல, மாட்டுக் காதுல உண்ணி எடுத்து, மண்ணெண்ணெயில போட்டுக் கொண்டாங்க. பொறவு பாருங்க."

விரட்டத்தான் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால், தேங்காய்ச் சிரட்டையும் கையுமாக வாசலில் வரிசை. யார் சிரட்டையில் அதிகம் என்று போட்டி வேறு, அக்காவுக்குத்தான் ஜெயம். "நம்ம நாய்ல இம்புட்டா?" என்று அசந்து நின்ற ஒவ்வொருவருக்கும் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை.

நீலம் மங்க மாதக்கணக்காயிற்று. அதற்குள் எங்கள் தெருவில் உண்ணி பார்ப்பது பேன் பார்ப்பது போல அன்றாட வேலையாகிவிட்டது. அடுத்த கோடையில் ஒரு நாய்கூட அந்தக் காய்ச்சலில் விழவில்லை.

பயங்காட்டியிருந்தால் அந்தத் தெரு காதிலேயே வாங்கியிருக்காது. வேடிக்கை பார்க்க வந்து, சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டு போனது. இப்போதும் எந்த நாயைத் தடவினாலும், என் விரல் முதலில் அதன் காதுக்குள்தான் போகிறது.