கோயிலுக்குள் ஓட்டு வேண்டாம் என்ற ஆரோக்கியமேரி அக்கா

பெருக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே செய்தி வந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் சூப்பர்வைசர் வண்டியை நிறுத்தி, "உங்க ஆரோக்கியமேரி போயிடுச்சிம்மா, விடியக்காலையில நெஞ்சுவலியாம்" என்றார். துடைப்பத்தைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. பிடித்துக்கொண்டே சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் என் பக்கத்தில் நின்று பெருக்கினவர்.

அக்காவைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் கான்ட்ராக்டில் பெருக்குகிறவர்கள். உள்ளே குவார்ட்டர்ஸில் ரோஜாச் செடிக்கும் தண்ணீர் உண்டு. வெளியே எங்கள் ஊரில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். குழாய் வேண்டும் என்றுதான் அக்கா வார்டு தேர்தலில் நின்றார். அவர் இருந்தது மாதா கோயில் தெரு. நான் மாரியம்மன் கோயில் தெரு. இரண்டும் ஒரே வார்டு.

ஓட்டுக்கு முந்தின ஞாயிறு அவரோடு போய் மாதா கோயில் வாசலில் நின்றேன். பூசை முடிந்து அறிவிப்பு வாசித்த உபதேசியார், "நம்ம பங்குப் பிள்ளைக்கே நம்ம ஓட்டெல்லாம்..." என்று ஆரம்பித்தார். உள்ளே உட்கார்ந்திருந்த அக்கா எழுந்துவிட்டார்.

"அத வாசிக்காதீங்க உபதேசியாரே. இவங்க சாமிகிட்ட வந்திருக்காங்க. ஓட்ட நான் வூட்டுக்குப் போயி கேட்டுக்கிறேன்."

வெளியே ஒரு கிழவி அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "ஓட்டு வாணாம்னு சொல்றவள இப்பதாண்டி பாக்குறேன்!"

"வேணும் பெரிம்மா, கால்லகூட வுழுறேன். கோயிலுக்குள்ள மட்டும் வாணாம்."

வழியெல்லாம் நான் திட்டினேன். "கைக்கு வந்த தண்ணியத் தட்டி வுட்டுட்டியேக்கா."

"வள்ளி, நாளைக்கு உங்க தெருவுல மாரியாத்தா பேர்ல ஓட்டு கேட்டா? அப்புறம் சாமிக்கு ஒரு குழாயா? தாகத்துக்குத் தண்ணி குடுன்னு என் சாமி சொன்னதாலதான் நான் எலெக்‌ஷன்ல நிக்கிறேன். அது பேரச் சொல்லி ஜெயிக்க மாட்டேன்."

தோற்றுப்போனார், கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில். மாதா கோயில் பங்கு மக்களில் சிலர் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு அவர் அழுதது எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஜெயித்தவர் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "ஜெயிச்சிட்டப்பா, சந்தோஷம். குழாய் எப்போ?"

"யக்கா, மாலை வாடறதுக்குள்ளயா?"

வாராவாரம் போனோம். கடைசியில் குழாய் வந்தது, மாதா கோயில் தெரு வரைக்கும். பணம் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். தன் வீட்டு வாசலில் பிடித்த முதல் குடத்தை அக்கா என் இடுப்பில் ஏற்றிவிட்டு, "உங்க தெருவுக்கு வர்ற வரைக்கும் வுட மாட்டேன்" என்றார். எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. அக்கா போய்விட்டார்.

அடக்கத்துக்கு, ஜெயித்த அந்த வார்டு மெம்பரும் மாலையோடு வந்தார். எங்கள் தெருக் குழாயைப் பற்றி அப்போதே கேட்டுவிட நினைத்தேன். அழுகைதான் வந்தது.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த மெம்பர் வீட்டு வாசல்தான். போன ஞாயிறு தனியாகப் போனேன். கதவைத் தட்டுமுன் அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். எனக்கு அது பழக்கமில்லை. சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"ஆரோக்கியமேரி அக்காகூட வர்றவ" என்றேன்.