சிவப்புப் புள்ளி நின்ற இடம்

வடகரையில் இசக்கிச்செல்வி என்று பெயர் சொல்லிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். நர்சம்மா என்றால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். வாரம் முழுக்கத் தடுப்பூசிப் பெட்டியோடு ஸ்கூட்டியில் அலைகிறவள், ஞாயிற்றுக்கிழமையானால் ஹெல்மெட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு குகைக்குள் ஊர்ந்துபோவது எதற்கென்று ஊருக்குத் தெரியும். அவள் முன்னால் யாரும் அதைப் பேசியதில்லை.

அவள் கணவன் மணிமுத்து, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த மறுவருஷம், குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள் சிலர். மலைமேல் சாமியார்களோடு காவியும் தாடியுமாகப் பார்த்ததாகச் சொன்னார்கள் சிலர். உடலும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. காலையில் அவள் நெற்றிக்குப் போகும் குங்கும விரல் ஒரு கணம் தயங்கித்தான் போகும்.

செங்கோட்டையில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஜெனோ, மலைக்குகைகளை அளந்து வரைபடம் போட ஒரு குழு சேர்த்தபோது முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான். எலக்ட்ரிக் கடை அப்துல் ஜப்பார் கயிறு பார்த்துக்கொள்வார். காட்டுக் காவலர் பிச்சைமணி வழிகாட்டுவார்.

அந்த மாசியில் ஒரு பாறைப் பிளவு. ஒல்லியான உடம்பு என்பதால் அவள்தான் முதலில் நுழைந்தாள். வயிற்றால் ஊர்ந்துபோனால் உள்ளே எழுந்து நிற்கிற அளவுக்கு ஓர் அறை. தூரம் அளக்கும் லேசர் கருவியை எதிர்ச்சுவரைப் பார்த்துப் பிடித்தாள். ஒன்பது மீட்டர். சரிபார்க்க இன்னொருமுறை அழுத்தினாள். ஐந்து என்றது.

திரைமேல் குனிந்த தலையோடு கண்ணை மட்டும் உயர்த்தினாள். சிவப்புப் புள்ளி சுவரில் இல்லை. பாதி தூரத்தில், ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில், இருட்டில் நின்றது.

சட்டென்று நிமிர்ந்தாள். தலைவிளக்கின் வெளிச்சத்தில் வெறும் பாறை. சுவரோரம் ஒரு மண் அகல் இருந்தது. தொட்டாள். சுட்டது. விரலில் எண்ணெய் ஒட்டியது.

"நீங்கதானா?" என்றாள், வெளியே நிற்பவர்களுக்குக் கேட்காதபடி. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாம்லா?"

தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது.

வெளியே வந்ததும் விரல்களை நீட்டிக் காட்டினாள். "உள்ள ஆள் இருக்கு. வெளக்கு இப்பந்தான் அணைஞ்சிருக்கு."

பிச்சைமணியின் முகம் மாறிவிட்டது. "இப்ப ஏது ஆளு நர்சம்மா? முன்ன இதுக்குள்ள ஒரு சாமி இருந்தாரு. ஊரு பேரு சொல்லமாட்டாரு. அவரு தவறி மூணு வருசம் ஆச்சே. அந்தா, அந்த நாவ மரத்தடியிலதான் அடக்கம் பண்ணுனோம்."

ஜப்பார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்து பார்த்துவிட்டு வந்தார். "வெளக்கு இருக்குக்கா. காஞ்சு, நூலாம்படை மூடிக் கெடக்கு."

அவள் விரலில் எண்ணெய் இன்னும் மினுங்கியது.

"ஆளு எப்படி இருப்பாரு அண்ணாச்சி?"

"தாடிக்குள்ள என்னத்தத் தெரியும்? எடது காது மட்டும் கேக்காது. நாம பேசுனா கழுத்த இப்படித் திருப்பிக் கேப்பாரு." பிச்சைமணி திருப்பிக் காட்டினார்.

இசக்கிச்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மணிமுத்து பீரங்கிப் படையில் இருந்தவன். இடது காதைப் பீரங்கிச் சத்தத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தவன்.

அழுகை வரவில்லை. எழுந்து, குகைவாயிலிருந்து நாவல் மரம்வரை அளவு நாடாவைப் பிடிக்கச் சொன்னாள். "இதையும் படத்துல போடு தம்பி." ஜெனோ போட்டுக்கொண்டான்.

இறங்கும் வழியில் ஜப்பாரிடம் மட்டும் சொன்னாள்: "நான் ரொம்ப மெதுவாப் பேசிட்டேன் ஜப்பாரு. அவருக்குக் கேட்டிருக்காது."

வீட்டில் மாமியார் ஆவுடைத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கிழவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏளா, மழக்காலத்துல சாப்பாட்டுக்கு என்ன செஞ்சானாம்?"

அது அவளுக்குத் தெரியவில்லை. பிச்சைமணிக்குப் போன் போட்டுக் கேட்டாள். மேலே கோயிலுக்கு வருகிறவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுவார், இல்லாத நாளில் பட்டினிதான் என்றார். "கோயில்ல நல்லாச் சோறு போட்டிருக்காங்க அத்தை" என்று மட்டும் கிழவியிடம் சொன்னாள்.

அடுத்த அமாவாசைக்கு அருவிக்கரையில் மணிமுத்துவின் தம்பி எள்ளும் தண்ணீரும் விட்டான். இப்போதும் ஞாயிறுதோறும் அவள் குழுவோடு போகிறாள். முதல் ஆளாக நுழையச் சொன்னால் மட்டும், "நீங்க போங்க, நான் பின்னால வாரேன்" என்று ஒதுங்கி நிற்கிறாள்.